சேதாரக் கணக்கு: துறைமுகக் காற்றில் ஒரு மொரிஸ் மைனர் எஞ்சின்

1098 சீசீ மொரிஸ் மைனர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் புதிதில் 64.58 மில்லிமீற்றர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து, அடுத்த அளவு பிஸ்டன் போடுவதுதான் வழக்கம். வழமையாகக் கிடைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 10, 20, 30, 40 தௌ. தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறைகளில் இன்றும் பேச்சு அந்த அளவில்தான். 40 தௌ என்றால் 1.016 மில்லிமீற்றர். அறுபது வயது தாண்டிய ஓர் எஞ்சினின் மொத்தக் கையிருப்பு அந்த ஒரு மில்லிமீற்றர் இரும்பு. நான்கு தடவை எடுக்கலாம். பிறகு லைனர் அடிக்க வேண்டும், அல்லது பிளாக்கையே மாற்ற வேண்டும்.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரி எழுதுவார்கள். கராஜில் தரும் பில்லில் செய்கூலி மட்டும்தான் இருக்கும். எத்தனை தௌ இரும்பு சுரண்டப்பட்டது, எந்தப் பாகம் கழற்றி வீசப்பட்டது என்ற சேதார வரியை யாரும் எழுதித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த வரிக்காக.

முதலில் இருப்பு. மொரிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளியே வந்தது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். உற்பத்தி முடியும்போது 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இலங்கையில் தெருவில் ஓடும் பழைய கார் என்றால் இன்றும் கண்முன் வருவது இதுதான். கறாராகப் பார்த்தால் இதை 'வின்டேஜ்' என்று சொல்லக் கூடாது. பிரித்தானியாவின் வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகம் 1930 முடிவோடு அந்தப் பெயருக்குக் கோடு போட்டுவிட்டது. உலகப் பழங்கார் அமைப்பான ஃபீவா 30 வயதைத்தான் எல்லையாக வைக்கிறது. நம் ஊரில் பழசு எல்லாமே வின்டேஜ். அதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்தக் கார் நான்கு விதமான எஞ்சினோடு வந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

918 சீசீ: 1948 முதல் 1953 வரை. பக்க வால்வு. 57 × 90 மி.மீ. 27.5 குதிரைவலு. எண்ணின் தொடக்கம் யூ.எஸ்.எச்.எம்.
803 சீசீ: 1952 முதல் 1956 வரை. மேல் வால்வு. 57.9 × 76.2 மி.மீ. 30 குதிரைவலு. தொடக்கம் ஏ.பி.எச்.எம்.
948 சீசீ: 1956 முதல் 1962 வரை. 62.9 × 76.2 மி.மீ. 37 குதிரைவலு. தொடக்கம் 9எம்.
1098 சீசீ: 1962 முதல் கடைசி வரை. 64.58 × 83.72 மி.மீ. 48 குதிரைவலு. தொடக்கம் 10எம்.ஏ.

பின்னிரண்டு எஞ்சின்களில் தொடக்கக் குறியின் வாலில் ஓர் எழுத்து வரும். எச் என்றால் உயர் அழுத்தம், எல் என்றால் தாழ் அழுத்தம். 948இல் இந்த வித்தியாசம் 8.3க்கு 1, 7.2க்கு 1. தரம் குறைந்த பெற்றோல் விற்ற நாடுகளுக்காகத் தாழ் அழுத்த எஞ்சின் தனியாகச் செய்யப்பட்டது. ஆகவே எல் எழுத்தைப் பார்த்து 'யாரோ மட்டமான பிஸ்டன் போட்டிருக்கிறான்' என்று முடிவுகட்டக் கூடாது. அது தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்திருக்கலாம்.

எண் எங்கே இருக்கிறது? பிளாக்கின் வலப்பக்கத்தில், டைனமோவுக்கு நேர் மேலே, சின்னத் தகடு ஒன்று அறைந்திருக்கும். டைனமோ மறைப்பதாலும் எண்ணெய்ப் பிசுக்கு மூடுவதாலும் பல வண்டிகளில் அப்படி ஒரு தகடு இருப்பதே சொந்தக்காரருக்குத் தெரியாது. மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் போதும். வயர் பிரஷ், மணல்தாள் இரண்டும் கிட்டே வரக் கூடாது. தகட்டில் எழுத்து ஆழமாக இருக்காது. இரண்டு இழுப்பில் மறைந்துவிடும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சசி எண்ணும் பதிவாகியிருக்கின்றன. தகடு போனால் பழமை மட்டும் போகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விளக்கம் சொல்லும் வேலையும் சேரும்.

தகட்டை மட்டும் நம்புவதும் தவறு. தகடு கழன்று ஏறும். வார்ப்பு அப்படி ஏறாது. 948 பிளாக்கின் பக்கவாட்டில் 950 என்றும், 1098இல் 1100 என்றும் வார்ப்பிலேயே புடைத்திருக்கும். சிலிண்டர் ஹெட்டிலும் வார்ப்பு எண் உண்டு. 1098 மைனருக்கு உரியது 12ஜி202, 948க்கு உரியது 2ஏ629. எண் தெளிவில்லை என்றால் உள்ளே போகும் வால்வின் தலையை அளக்கலாம். 12ஜி202இல் 1.156 அங்குலம், 948இல் 1.094. வித்தியாசம் 62 தௌ. சாதாரண வேர்னியர் கலிப்பருக்கு அது பெரிய தூரம்.

இலக்கத்தகடும் சாட்சி சொல்லும். சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோடு இலக்கத்தகடு வந்தது 1957இல்; தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தார் பூசி இயக்கம் நடத்தியது. அதற்கு முன் பதிவானவை ஆங்கில எழுத்துத் தகடுகள். ஆங்கில எழுத்துத் தகட்டோடு நிற்கும் மைனருக்குள் 1098 எஞ்சின் இருந்தால் அது பிறகு ஏறியது. 1962க்கு முன் அந்த எஞ்சினே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும். ஏறியதிலும் தரம் உண்டு. பிளாக் தங்க நிறமாக இருந்தால் அது தொழிற்சாலை புதுப்பித்துத் தந்த 'கோல்ட் சீல்' எஞ்சினாக இருக்கலாம். அதை மைனரின் பச்சைக்கு மாற்றிப் பூசுவதை நான் அழிப்பு என்றே சொல்வேன். அந்தத் தங்கப்பூச்சும் வண்டியின் வரலாறுதான்.

லூகஸ் சாமான்களைத் தேதி சொல்லும் சாமான்கள் எனலாம். டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ரிபியூற்றர் ஆகியவற்றின் உடம்பில் ஐந்து இலக்க எண்ணும் அருகே மாதமும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும். 3 64 என்றால் 1964 மார்ச். வண்டி 1964 நடுவில் செய்யப்பட்டிருந்து டைனமோவில் 3 64 இருந்தால், அது கூடவே பிறந்தது என்று நம்பலாம். டைனமோவில் 11 69 இருந்தால் இடையில் வந்தது. பின்னாளைய சீ40 டைனமோ தருவது 22 அம்பியர். 12 வோல்ட்டில் 264 வாட். இரண்டு முகப்பு விளக்கு, வைப்பர், ஹோர்ன்: அதற்குப் போதும். இதைக் கழற்றி ஜப்பான் ஒல்ற்றர்னேற்றர் போடுவதுதான் நம் ஊரில் முதலில் நடக்கும் மாற்றம். இரவில் தினமும் ஓடுகிறவருக்கு அது நியாயம். ஞாயிற்றுக்கிழமை கோணேசர் கோயில் வரை போய்வருகிறவருக்கு 264 வாட் தாராளம். மாற்றினாலும் கழற்றியதை எடைக்குப் போடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் செலவு பூச்சியம். வண்டி பாசிட்டிவ் ஏர்த் என்பதையும் பற்றரிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இனி ஒரு நட். 803, 948, 1098 ஆகிய ஏ-சீரிஸ் எஞ்சின்களில் நட்டும் போல்ட்டும் யு.என்.எஃப். புரி. நட்டின் முகத்திலோ போல்ட் தலையிலோ ஒன்றையொன்று தொட்டபடி சின்ன வட்டங்கள் சங்கிலிபோல் குத்தியிருந்தால் அது அந்தக் குடும்பம். தலை அளவு பெரும்பாலும் அரை அங்குலம், 9/16, 7/16. இன்றைய கராஜ்களில் கைக்கு எட்டுவது மெட்ரிக் ஸ்பனர். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், 13ஆம் நம்பர் ஸ்பனர் அதில் 0.3 மில்லிமீற்றர் லூஸாக நிற்கும். ஒரு தடவை கழற்றலாம். துருப்பிடித்த நட்டில் மூன்றாம் தடவை மூலை உருண்டு வட்டமாகிவிடும். பிறகு உளி வைத்து அடிப்பார்கள். அசல் நட் போனதற்குக் காரணம் 0.3 மில்லிமீற்றர். அங்குல ஸ்பனர் செட் ஒன்று வாங்குவது அந்த எஞ்சினுக்கு வாங்கும் எந்தப் பாகத்தையும்விட இலாபம்.

திருகோணமலையில் இந்தக் கணக்கு ஏன் கூடுதலாக அழுத்துகிறது என்றால், உப்பு. நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல். சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது; அது 33 சதவீதத்திலேயே ஈரமாகிவிடும். வாடைக் காலத்து மழையில் இரும்பு நனைவது கண்ணுக்குத் தெரியும். கச்சான் அடிக்கும் வைகாசி, ஆனி வெயிலில் எல்லாம் காய்ந்துகிடப்பதுபோல் இருக்கும். உப்புப் படிந்த இரும்பு அப்போதும் நுண்ணிய ஈரத்தில்தான் இருக்கிறது. 'வெயில் காலம்தானே, திறந்து கிடக்கட்டும்' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

எவ்வளவு போகும்? அரிப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9223, காற்றை வகை பிரித்து, வெளியில் வைத்த வெற்று இரும்பு முதலாண்டில் இழக்கும் தடிப்பைச் சொல்கிறது. நான்காம் வகையில் 50 முதல் 80 மைக்ரோன். உப்பு மிகுந்த கரையோரங்கள் அடங்கும் ஐந்தாம் வகையில் 80 முதல் 200 மைக்ரோன். தௌவுக்கு மாற்றினால் முதலாவது 2 முதல் 3, இரண்டாவது 3 முதல் 8. இப்போது ஒரு கிராங்க் சாஃப்ட்டை நினையுங்கள். 948, 1098 இரண்டிலும் பிக்-எண்ட் ஜேர்னலின் விட்டம் 1.625 அங்குலம். இதையும் 10, 20, 30, 40 என்றுதான் சாணை பிடிப்பார்கள். விட்டத்தில் 10 தௌ குறைப்பது என்றால் ஒரு பக்கத்துக்கு 5 தௌ. எஞ்சினைப் பிரித்து, கிராங்கைத் துடைத்து, எண்ணெய் தடவாமல் கொட்டிலில் ஓராண்டு சாய்த்து வைத்தால், ஒரு கிலோமீற்றரும் ஓடாமலே ஒரு சாணைக்குரிய இரும்பைக் காற்று தின்றுவிடலாம். துரு சமமாகத் தின்பதும் இல்லை, குழி விழும். குழியின் அடிவரை சாணை பிடிக்க வேண்டும். கொட்டிலுக்குள் இந்த அளவு குறையும் என்பது உண்மை. அதை நம்பி விடுவதைவிட நூறு மில்லிலீற்றர் எண்ணெயும் ஒரு பொலித்தீன் உறையும் மலிவு.

இந்தக் காற்று என்ன செய்யும் என்று பார்க்கச் சீனன்குடாப் பக்கம் போனால் போதும். பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் மிஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு. கூட்டினால் 99. பராமரித்து எண்ணெய் நிரப்பிய தாங்கிகள் இன்றும் வேலை செய்கின்றன. கைவிட்டவை காட்டுக்குள் துருவேறி நிற்கின்றன. காற்று இரண்டுக்கும் ஒன்றுதான்.

மறுபடி சிலிண்டருக்கு. 40 தௌ எடுத்து முடித்தால் 1098 எஞ்சினின் கொள்ளளவு ஏறக்குறைய 1132 சீசீ ஆகும். கூடுதல் மூன்று சதவீதம். 'போர் போட்டால் பவர் கூடும்' என்று ஆசைகாட்டுகிறவர்களுக்கு இதுதான் பதில்: ஆயுட்கால இரும்பு முழுவதையும் கொடுத்து வாங்குவது 3 சதவீதம். ஆகவே சிலிண்டர் 3 தௌ தேய்ந்திருக்கும்போது, 'எடுக்கிறதுதானே, 40ஆகவே போட்டுவிடுவோம், அந்த பிஸ்டன்தான் கடையில் இருக்கு' என்று யாராவது சொன்னால், மூன்று பரம்பரைச் சொத்தை ஒரே பகலில் விற்கச் சொல்கிறார் என்று பொருள். 10 தௌ பிஸ்டன் வரும்வரை காத்திருங்கள். ஒன்றுமே எடுக்காமல், ஹோன் மட்டும் பண்ணிப் புது ரிங் போட்டால் போதுமா என்று அதற்கும் முன்னால் கேளுங்கள். 40 தாண்டிய பிளாக்குக்கும் வழி உண்டு. நான்கு லைனர் அடித்துப் பழையபடி 64.58க்குக் கடையலாம். செலவு கூடும், ஆனால் தகடும் வார்ப்பும் பதிவுப் புத்தகமும் ஒன்றாகவே நிற்கும். வேறு பிளாக் வாங்கும் விலையோடு இதை ஒப்பிடும்போது, திணைக்களத்துக்கு அலையும் நாட்களையும் கூலியாகப் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

இறுக்கத்துக்கும் அளவு உண்டு. ஹெட்டைப் பிடிக்கும் நட் ஒன்பது. ஒவ்வொன்றும் 40 அடி-இறாத்தல். மெயின் பேரிங் 60, பிக்-எண்ட் 35. கைப்பதத்தில் இறுக்குகிற பாஸ்மார் பலர் நல்ல வேலைக்காரர்கள்தான், ஆனால் அவர்களுடைய கை பழகியது பெரும்பாலும் வேறு எஞ்சின்களில். 60இல் இறுக்கிய ஹெட் ஸ்ரட் பிளாக்கின் புரியோடு மேலே வரலாம். டோர்க் ரெஞ்ச் ஒன்றைக் கடன் வாங்கியாவது கொடுங்கள்.

பெற்றோலும் இந்தப் பேரேட்டில் ஒரு பக்கம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. புகைவால்வின் இருக்கையை ஈயப்படிவு காத்துவந்தது. அது இல்லாவிட்டால் கடும் ஓட்டத்தில் வால்வு ஹெட்டுக்குள் அமிழும். இதைக் கேள்விப்பட்டவுடனே நான்கு புகைவால்வுக்கும் கடினமான வளையம் பதிக்க ஹெட்டைக் கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பொறுங்கள். வால்வு அமிழ்கிறதா என்பதை ஃபீலர் கேஜ் சொல்லிவிடும். குளிர்ந்த நிலையில் இடைவெளி 12 தௌ. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை அளந்து குறித்துவாருங்கள். புகைவால்வுகளில் மட்டும் அது 12இலிருந்து 10, 8 என்று இறங்கிக்கொண்டே வந்தால் வளையம் பதிக்கும் காலம் வந்துவிட்டது. நிலாவெளி வரை 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டியில் அந்த இடைவெளி பல ஆண்டுகள் அசையாமல் நிற்கலாம். அசையாத ஹெட்டைக் கடைவது வீண் சேதாரம்.

விலையை டொலரில் வைத்துத்தான் பேச முடியும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், மே நடுவில் 360. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் 100 டொலர் கேஸ்கெட், பேரிங் பொதி ஒன்று பத்து வாரத்தில் 20,000இலிருந்து 36,000க்கு ஏறியது. சுங்கமும் கப்பல் கூலியும் அதற்கு மேல். அதே காலத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாயிலிருந்து ஜூன் 26இல் 470க்குப் போனது. பிறகு வந்த கியூ.ஆர். பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று வைத்தால் 240 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260. பழைய உதிரிப்பாகத்துக்கு நாடே போகும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஒரு வாரப் பங்கீட்டில் ஒருவழியாகக்கூடப் போய்ச்சேர முடியவில்லை. அந்த மாதங்களில், மூலையில் சுற்றி வைத்த பழைய டைனமோவும் பழைய காபரேற்றரும் திடீரென்று பெறுமதி கண்டன. வாகன இறக்குமதித் தடையும் 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை நீடித்தது. இருப்பதை வைத்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

காபரேற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. 1098இல் இருப்பது எஸ்.யூ. எச்.எஸ்.2, வாய் ஒன்றேகால் அங்குலம், ஊசி ஏ.என். ஊசியின் தண்டில் அந்த எழுத்துக் குத்தியிருக்கும். கண்ணாடி போட்டுப் பாருங்கள். வேறு எழுத்து இருந்தால் அளவுக்கு மீறிக் குடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஊசியும் ஜெட்டும் தேயும், மாற்றலாம். உடம்பை மட்டும் காஸ்ரிக் சோடாத் தொட்டியில் போட விடாதீர்கள். இரும்புப் பிளாக்கைப் பளிச்சென்று ஆக்கும் அதே காஸ்ரிக் அலுமினியத்தைக் கரைத்துவிடும். ஒரே வாளியில் இரண்டையும் போட்டு மறுநாள் எடுக்கும் பழக்கத்தால் போன காபரேற்றர்கள் கொஞ்சமல்ல.

எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. ரப்பர் ஹோஸ், ஃபேன் பெல்ட், கேஸ்கெட், பொயின்ட், கொண்டென்சர், பிளக், பில்டர்: இவை தீர்வதற்கென்றே செய்யப்பட்டவை. அசல் என்று 1964 ரேடியேற்றர் ஹோஸைக் கட்டிக்காப்பது பக்தியல்ல, ஆபத்து. எண்ணெயும் அப்படித்தான், பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர், கஞ்சத்தனம் பார்க்காமல் காலத்துக்கு மாற்றுங்கள். பழங்கார்களுக்கான ஃபீவாவின் டியூரின் சாசனம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: இருப்பதைக் காப்பது முதலில், மாற்றுவது பிறகு, மாற்றியது எது என்று பின்னால் வருகிறவர் அடையாளம் காணும்படி குறியிடுவது கட்டாயம்.

ஆகவே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் தகட்டு எண், பிளாக் வார்ப்பு, ஹெட் வார்ப்பு, டைனமோ தேதி, ஊசி எழுத்து. அடுத்த பக்கத்தில் நான்கு சிலிண்டரின் விட்டம், கிராங்க் ஜேர்னலின் விட்டம், அளந்த தேதி. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் எத்தனை தௌ போனது என்று பாஸிடமே எழுதி வாங்குங்கள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ உங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் தாத்தாவின் மைனர் கிடக்கிறதென்றால், பழைய இரும்புக்காரருக்கு விலை சொல்லுமுன் டைனமோவைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தத் தகட்டைத் துடைத்து எண்ணைப் படித்துவிடுங்கள்.